கணக்கெழுத வந்த மேரி ரிச்மண்ட்

அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுக நகரில் இருந்த தர்ம சங்கம் ஒன்று, உதவிப் பொருளாளர் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தது. வரவு செலவு எழுத வேண்டும். நன்கொடை கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. விண்ணப்பம் போட்டவர்களில் மேரி எலன் ரிச்மண்ட் என்ற பெண்ணும் ஒருவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். அதுவரை கணக்கெழுதிப் பிழைத்து வந்தவர். 1889-ம் ஆண்டு அவர் அந்த வேலையில் சேர்ந்தபோது வயது 27.

ஏழைகளுக்கு உதவப் போகிறவர் முதலில் அதற்கான பயிற்சி பெற வேண்டும் என்று உலகுக்கு எடுத்துச் சொல்லி, அந்தப் பயிற்சிக்குப் பாடமும் வகுத்துக் கொடுத்தவர் இந்தக் கணக்குக் குமாஸ்தாதான். இன்று சமூகப் பணி என்ற படிப்பு பல நாடுகளில் பட்டப் படிப்பாக நடக்கிறது. அதன் அடிக்கல்லைத் தோண்டிப் பார்த்தால் மேரி ரிச்மண்டின் பெயர் இருக்கும்.

பசியும் சுருக்கெழுத்தும்

1861-ம் ஆண்டு ஆகஸ்ட் 5-ந் தேதி இல்லினாய் மாநிலத்தில் பெல்வில் என்ற ஊரில் மேரி பிறந்தார். தகப்பனார் வண்டிப் பட்டறைக் கொல்லர். தாயார் காச நோயால் காலமானபோது மேரி சிறு குழந்தை. தகப்பனார் மறுமணம் செய்துகொள்ள, குழந்தையை பால்டிமோரில் இருந்த தாய்வழிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாட்டி சாதாரணப் பாட்டியல்ல. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று வாதாடிய கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர் நடத்திய விடுதியில் அரசியலும் மதமும் எந்நேரமும் விவாதமாக நடக்கும். பள்ளிக்கூடத்தின் மேல் பாட்டிக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே 11 வயது வரை மேரி பள்ளிக்கே போகவில்லை. கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துத் தானே வளர்ந்தார். பிறகு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து 1878-ல், 16 வயதில், படிப்பை முடித்தார். அவர் வாழ்க்கையில் வகுப்பறைப் படிப்பு என்பது அதோடு சரி.

நியூயார்க்கில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்த சித்தி, மேரியைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். எழுத்தர் வேலை, அச்சுப்பிழை திருத்தும் வேலை என்று காலையிலிருந்து இரவு வரை உழைப்பு. இரவில் சுருக்கெழுத்துப் பயிற்சி. சில மாதங்களில் சித்தி நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பிவிட்டார். 17 வயதுப் பெண் அந்த மாநகரத்தில் தனியாக நின்றார். வாடகை கொடுத்தால் சாப்பாட்டுக்கு இல்லை. சாப்பிட்டால் வாடகைக்கு இல்லை. பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது. இரண்டு ஆண்டுகளில் உடல்நலம் கெட்டு பால்டிமோருக்கே திரும்பினார். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ஊரை விட்டு ரயிலேறிய நம்மவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டியதில்லை.

அதற்கப்புறம் பல ஆண்டுகள் கணக்கெழுதும் வேலை. இந்த நிலையில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

பாஸ்டனில் ஒரு வாரம்

அந்தச் சங்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அந்நாளில் அமெரிக்க நகரங்களில் ஆலைகள் பெருகின. கப்பல் கப்பலாகக் குடியேறிகள் வந்து இறங்கினார்கள். வேலை இல்லாத் திண்டாட்டம் வந்தால் தெருவெல்லாம் பட்டினி. தர்மம் செய்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு குடும்பம் மூன்று தேவாலயங்களில் நிலக்கரி வாங்கும். கேட்க வாய் வராத அடுத்த வீட்டுக் குடும்பம் குளிரில் விறைக்கும். இதை ஒழுங்குபடுத்துவதற்காக லண்டனில் 1869-ல் ஒரு சங்கம் தோன்றியது. அதைப் பார்த்து அமெரிக்காவில் 1877-ல் பஃபலோ நகரிலும், பிறகு ஊருக்கு ஊரும் இப்படிச் சங்கங்கள் எழுந்தன. உதவி கேட்போர் பெயரைப் பதிவு செய்வது, வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பது, பிறகு தகுந்த உதவிக்கு வழி செய்வது என்பது முறை.

வீட்டுக்குப் போனவர்கள் யார்? பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்மணிகள். நல்ல மனம் உண்டு, அனுபவம் கிடையாது. சிலர் கண்ணீர் விட்டுக் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு வருவார்கள். சிலர் சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்துவிட்டு வருவார்கள். இரண்டினாலும் அந்த வீட்டில் அடுப்பு மறுவாரம் எரிந்ததாகத் தெரியவில்லை.

மேரிக்கு இந்த வேலையே புதிது. தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் பாவனை செய்ய அவருக்கு மனம் வரவில்லை. பாஸ்டன் நகரத்துச் சங்கம் நன்றாக நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அங்கே போய் ஒரு வாரம் தங்கினார். அதன் செயலாளர் ஜில்பா ஸ்மித் அம்மையாரின் பக்கத்தில் இருந்து, விசாரணை எப்படி நடக்கிறது, பதிவு எப்படி எழுதுகிறார்கள், தொண்டர்களை எப்படி வழிநடத்துகிறார்கள் என்று பார்த்தார். மேரி ரிச்மண்ட் தம் வாழ்நாளில் சமூகப் பணிக்கென்று பெற்ற பயிற்சி இந்த ஒரு வாரம்தான். ஆனால் அந்த ஒரு வாரம் தமக்கு எவ்வளவு உதவியது என்பதை அவர் மறக்கவில்லை.

பால்டிமோர் திரும்பியபின் கணக்குப் புத்தகத்தோடு நிற்கவில்லை. தாமே தொண்டராகப் பெயர் கொடுத்து ஏழை வீடுகளுக்குப் போய் வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1891-ல், சங்கத்தின் பொதுச் செயலாளர் ஆனார். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர்களில் ஒருவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்துப் பொருளாதார அறிஞர் ஆமோஸ் வார்னர். அந்த நாற்காலியில் உயர்நிலைப் பள்ளிப் படிப்போடு ஒரு பெண் வந்து அமர்ந்தது அந்தக் காலத்தில் சிறிய செய்தி அல்ல.

டொராண்டோவில் எழுப்பிய கேள்வி

பொதுச் செயலாளராக இருந்த ஆண்டுகளில் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர் எதை வைத்துக் கற்கிறார்? ஏழைகளை வைத்துத்தான். ஒரு குடும்பத்தில் தவறு செய்து, அடுத்த குடும்பத்தில் திருத்திக்கொண்டு, மூன்றாவது குடும்பத்தில் ஓரளவு தேறுகிறார். தேறிய நேரத்தில் சம்பளம் போதாமல் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அவர் கற்றது அவரோடு போகிறது. அடுத்து வருகிறவர் மறுபடி முதல் குடும்பத்திலிருந்து தொடங்குகிறார். முடி வெட்டப் பழகுகிறவனுக்குத் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் நிலைதான் ஏழைகளுக்கு.

1897-ம் ஆண்டு கனடாவில் டொராண்டோ நகரில் அறநிலையங்களின் தேசிய மாநாடு கூடியது. அங்கே மேரி எழுந்து, இந்த வேலைக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். அநாதை இல்லத்தில் வேலை செய்பவருக்கும், சிறைக் கைதிகளுக்காக உழைப்பவருக்கும், குடும்பங்களைக் கவனிப்பவருக்கும் முதலில் பொதுவான ஓர் அடிப்படைப் பயிற்சி. பிறகு அவரவர் துறை. பள்ளி பெரிய நகரத்தில் இருக்க வேண்டும். மாணவர் காலையில் பாடம் கேட்டால் மாலையில் தெருவுக்குப் போய் வேலை செய்ய வேண்டும். கைத்தொழில் தெரியாத பேராசிரியர்கள் கையில் இது சிக்கிவிடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

யோசனை ஏட்டோடு நிற்கவில்லை. மறு ஆண்டே, 1898 கோடையில், நியூயார்க் சங்கம் ஆறு வார வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. 1904-ல் அது ஓராண்டுப் படிப்பு ஆயிற்று. பின்னாளில் கொலம்பியா பல்கலைக் கழகத்தின் சமூகப் பணிக் கல்லூரியாக வளர்ந்தது அந்த ஆறு வார வகுப்புதான். மேரியும் அங்கே பாடம் நடத்தியிருக்கிறார்.

1899-ல் தொண்டர்களுக்கு வழிகாட்டியாக அவருடைய முதல் புத்தகம் வந்தது. வீட்டுக்குப் போனால் சம்பாதிக்கும் புருஷனை மறந்துவிடாதே, குழந்தைகளைப் பார், அவர்கள் ஆரோக்கியத்தைப் பார், பொழுதுபோக்கையும் பார் என்று சமையல் குறிப்புபோல எளிமையாகச் சொல்லும் நூல் அது. 1900-ல் பிலடெல்பியா சங்கம் அவரைப் பொதுச் செயலாளராக அழைத்துக்கொண்டது. சீர்குலைந்து கிடந்த சங்கத்தைத் தூக்கி நிறுத்தி, பயிற்சி பெற்ற பணியாளர்களைச் சேர்த்தார். மனைவி மக்களைக் கைவிட்டு ஓடும் ஆண்கள் மேல் சட்டம் பாய வேண்டும், குழந்தைகளை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்பன போன்ற கிளர்ச்சிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு.

வாடகை கேட்டு வந்த விதவை

அவர் கற்றுக்கொடுத்ததுதான் என்ன? ஓர் உதாரணத்தால் பார்க்கலாம்.

இரண்டு குழந்தைகளோடு ஒரு விதவை சங்கத்துக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாடகை பாக்கி. நாளை சாமான்களைத் தெருவில் போட்டுவிடுவார்கள். பழைய முறையில் இதற்கு இரண்டே பதில். ஒன்று, வாடகைப் பணத்தைக் கொடுப்பது. மற்றொன்று, இவள் யோக்கியமானவள்தானா என்று அண்டை வீட்டில் விசாரித்துவிட்டுக் கையை விரிப்பது.

மேரியிடம் பயின்றவர் முதலில் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, அவசரப்படாமல், அவள் சொல்வதைக் கேட்பார். கணவர் எந்த நோயில் இறந்தார்? காச நோய் என்றால் குழந்தைகளை டாக்டரிடம் காட்டியாயிற்றா? கணவர் வேலை பார்த்த இடத்தில் ஏதாவது பாக்கி வர வேண்டுமா? அண்ணன் தம்பி எங்கே இருக்கிறார்கள்? அவர்கள் உதவாததற்குக் காரணம் மனமில்லாததா, செய்தியே போகாததா? மூத்த பையன் பள்ளிக்குப் போகிறானா, ஆசிரியை அவனைப் பற்றி என்ன சொல்கிறார்? கல்யாணத்துக்கு முன் அந்தப் பெண் என்ன வேலை தெரிந்தவள்? இதையெல்லாம் டாக்டர், பள்ளி, முதலாளி, உறவினர், சர்க்கார் பதிவேடு என்று வேண்டிய இடங்களில் சரிபார்த்து, எழுதி வைத்து, பிறகு அந்தப் பெண்ணோடு சேர்ந்தே ஒரு வழியைத் திட்டமிடுவார். வாடகை? அதையும் கட்டுவார். ஆனால் வாடகை கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்க மாட்டார். அண்டை வீட்டு வம்பை மட்டும் அவர் கடைசியில் வைப்பார். வம்பினால் தெரிய வருவது சொற்பம், கெடுவது அதிகம் என்பது மேரியின் கணிப்பு.

எழுதி வைத்த இந்த கேஸ் பதிவுகள்தான் அவருக்குப் பாடப் புத்தகம். 1909-ல் நியூயார்க்கில் ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளை அவரைத் தன் துறை ஒன்றுக்கு இயக்குநராக்கியது. அடுத்த ஆண்டு முதல் 1922 வரை, கோடைதோறும், வேலையில் இருப்பவர்களுக்கென்றே நான்கு வார வகுப்பு நடத்தினார். வெவ்வேறு ஊர்ச் சங்கங்களின் செயலாளர்கள் வருவார்கள். ஒரு பதிவை எல்லோருமாகப் படித்து, இந்த இடத்தில் என்ன கேட்கத் தவறினார், எங்கே அவசரப்பட்டார் என்று அலசுவார்கள். வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு படிக்க வசதி இல்லாதவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். படிப்பு முடியாமல் வேலைக்குப் போன ஒருவருக்குத்தான் இப்படி ஒரு வகுப்பு வேண்டும் என்று தோன்றும்.

1915-ல் அவருக்கும் அவர் தோழர்களுக்கும் ஓர் அடி விழுந்தது. தேசிய மாநாடு அந்த ஆண்டு பால்டிமோரிலேயே கூடியது. மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி அறிக்கை எழுதிப் புகழ் பெற்றிருந்த ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அங்கே பேச வந்தார். டாக்டர், வக்கீல் போலச் சமூகப் பணியைத் தனித் தொழில் என்று ஏற்க முடியாது, மற்றவருக்குக் கற்பிக்கத்தக்க தனி முறை அதனிடம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். கூடியிருந்தவர்கள் வாடிப் போனார்கள்.

1917-ல் மேரியின் பெரிய நூல் வெளிவந்தது. சமூக நோயறிதல் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பல ஆண்டு உழைப்பு. பல நகரங்களின் கேஸ் பதிவுகளைப் படித்து, ஒரு சான்றை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதை வக்கீலின் கண்ணோடும் டாக்டரின் கண்ணோடும் ஆராய்ந்து சுமார் 500 பக்கங்களில் எழுதியிருந்தார். கற்பிக்கத்தக்க முறை எங்கே என்று கேட்டவர்களுக்கு மேஜை மேல் தூக்கி வைக்க ஒரு புத்தகம் கிடைத்தது.

அந்த நூலில் குடியேறிக் குடும்பங்களைப் பற்றித் தனியாக ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. பிழைப்புத் தேடி வந்தவனை வந்த இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்தால் அவனைப் புரிந்துகொள்ள முடியாது; அவன் விட்டுவிட்டு வந்த ஊர், அங்குள்ள வழக்கம், அவன் பேச்சு இவற்றையும் பணியாளர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அயல் மாநிலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாஷை புரியாமல் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

1921-ல் ஸ்மித் கல்லூரி அவருக்கு கௌரவ எம்.ஏ. பட்டம் வழங்கியது. பட்டம் இல்லாதவர் என்ற குறை 60-வது வயதில் தீர்ந்தது. 1922-ல் எழுதிய சிறு நூலில், ஹெலன் கெல்லரை உருவாக்கிய ஆசிரியை ஆன் சல்லிவனின் கதையை முதலில் வைத்தார். சமூகப் பணி என்ற பெயரே தெரியாமல் அந்தப் பணியைச் செய்தவர் அந்த ஆசிரியை என்பது மேரியின் கருத்து.

சறுக்கிய இடம்

எல்லாவற்றிலும் அவர் சரியாகவே நடந்தார் என்று சொல்ல முடியாது. குழந்தைகளோடு தவிக்கும் விதவைகளுக்குச் சர்க்காரே மாதாமாதம் பணம் தர வேண்டும் என்ற இயக்கம் அப்போது பரவியது. 1911-ல் இல்லினாய் மாநிலம் சட்டம் செய்தது. மேரி அதை எதிர்த்தார். 985 விதவைகளின் பதிவுகளை ஆராய்ந்து 1913-ல் ஒரு நூலும் வெளியிட்டார். பயிற்சி இல்லாத, அரசியல் சிபாரிசில் வந்த ஆட்கள் கையில் இந்தப் பணம் போனால் குடும்பங்களுக்கு நன்மை வராது என்பது அவர் கவலை. கவலையில் நியாயம் உண்டு. ஆனால் பயிற்சி பெற்றவர் வந்து சேரும்வரை பசி காத்திருக்காது. தர்ம சங்கங்களின் கையிருப்போ எல்லா விதவைகளுக்கும் போதாது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் அவர் பேச்சைக் கேட்காமல் சட்டம் செய்துவிட்டன. நல்லதாயிற்று என்றே சொல்ல வேண்டும்.

சிகாகோவில் ஏழைகள் நடுவே குடியிருந்து சட்டங்களுக்காகப் போராடிய ஜேன் ஆடம்ஸ் அம்மையாரின் வழியும் இவர் வழியும் வேறு. அவர் தெருவையே மாற்றப் பார்த்தார். இவர் தெருவில் உள்ள ஒவ்வொரு வீடாகப் போனார். இரண்டும் வேண்டும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் உணர்ந்தார்கள்.

கடைசி ஆண்டுகளில் மேரியின் கவனம் குழந்தைத் திருமணத்தின் மேல் திரும்பியது. அமெரிக்காவிலா என்று கேட்கலாம். ஆம், அங்கேதான். பெண்ணுக்கு 12 வயதானால் பெற்றோர் சம்மதத்தோடு மணம் முடிக்கலாம் என்ற பழைய விதி அப்போது அந்நாட்டின் பல மாநிலங்களில் நிலவியது. அதைக் கண்டித்து 1925-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதைத் தொடர்ந்து திருமணச் சட்டங்களைப் பற்றிய பெரிய நூலை எழுதி வந்தபோது புற்றுநோய் கண்டது. படுக்கையிலும் எழுத்து நிற்கவில்லை. 1928-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி காலமானார். அந்த நூல் மறு ஆண்டு வெளிவந்தது. நம் நாட்டில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் நிறைவேறியதும் அதே 1929-ல்தான்.

நாக்பாடாவில் இருபது மாணவர்கள்

மேரி இந்தியாவுக்கு வந்ததில்லை. அவர் உருவாக்கிய படிப்பு வந்தது. சிகாகோவில் படித்த கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் 1925-ல் பம்பாய் வந்து, நாக்பாடா பகுதியில் ஏழைகளுக்கான சமூக நிலையம் ஒன்றை நடத்தினார். பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது என்ற கேள்வி அவருக்கும் எழுந்தது. டாட்டா அறக்கட்டளையின் ஆதரவோடு 1936-ல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. முதல் வகுப்பில் 20 மாணவர்கள். பட்டதாரிகளைக் கொண்டு நடந்த பள்ளி அது. மேரி ரிச்மண்டே விண்ணப்பித்திருந்தால் தகுதி இல்லை என்று திருப்பியிருப்பார்கள்.

மான்ஷார்ட் 1941-ல் விலகியபின் அந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர்: டாக்டர் ஜே. எம். குமரப்பா. காந்தியடிகளோடு கிராமப் பொருளாதாரத்துக்கு உழைத்த ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். அவர் காலத்தில்தான், 1944-ல், பள்ளிக்கு டாட்டா சமூக அறிவியல் கழகம் என்ற பெயர் வந்தது. 1952-ல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார்.

500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அதிகாரி இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தபோது, அந்த நாற்காலிகளுக்குப் படித்துத் தேறியவர்கள் தேவைப்பட்டார்கள். பம்பாய் மில்களில் வேலை பார்த்தவர்கள், சம்பளப் பிடித்தமோ குடும்பத் தகராறோ எதுவானாலும் போய் நின்ற அறை அந்த அதிகாரியின் அறை. உட்காரச் சொல்லி, முழுவதும் கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொள்ளும் அந்தப் பழக்கம் பால்டிமோரிலிருந்து வந்தது. 1954-ல் டாட்டா கழகம் செம்பூரை அடுத்த தேவநாருக்கு இடம் மாறி, இன்றும் அங்கேயே இருக்கிறது.